கனமான புத்தகம்

யட்டவத்த ஏற்றத்தில் கார் மறுபடியும் நின்றபோது நடராஜா இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். பின்சீட்டில் நிறைமாத வயிற்றோடு மகள் கிருஷாந்தினி. கிளினிக்குக்குப் போய்த் திரும்பும் வழி.

"டயருக்குக் கல்லு வைக்கவாப்பா?"

"நீ எறங்காத. நான் வைக்கிறேன்."

மிளகு ஸ்டோரில் மூட்டை தூக்கிச் சேர்த்த காசில் வாங்கிய பழைய கார் அது. வாங்கியதற்குக் காரணம் ஒன்றுதான். கிருஷாந்தினி பிறக்கும்போது அவர் மனைவி காத்தாயியைத் தோட்டத்து லொறியில், தேயிலைக் கொழுந்துச் சாக்குகளுக்கு நடுவே கிடத்தித்தான் மாத்தளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். பாதி வழியிலேயே பிள்ளை பிறந்துவிட்டது. மகளுக்கும் அப்படி ஆகக்கூடாது.

கராஜ் வைத்திருக்கும் பிரதீஷிடம் போய்ச் சொன்னார்.

"விட்டுட்டுப் போங்கண்ணே. ரெண்டு வாரம் ஆகும்."

"அதுக்குள்ள புள்ளைக்கு வலி வந்துருமே தம்பி."

"அவ்வளவு அவசரம்னா மாத்தள பஸ் ஸ்டாண்ட் பக்கம் ரிப்பேர் பொஸ்தகம் விக்கிறாங்க. வாங்கி நீங்களே பாருங்க."

நக்கல் என்றே நடராஜா எடுத்துக்கொண்டார். மூட்டை தூக்குகிறவனுக்குப் புத்தகம் எதற்கு என்கிற நக்கல். ரோஷத்தோடு அடுத்த பஸ்ஸிலேயே மாத்தளைக்குப் போனார்.

நடைபாதையில் பழைய புத்தகம் விற்கும் முத்தலிப் நானா இரண்டை எடுத்துப் போட்டார். ஒன்று தமிழில், மெலிந்தது. மற்றது செங்கல் மாதிரி.

"ஒங்களுக்கு எது வாசிக்க ஏலும்?"

நடராஜா கைக்கு ஒன்றாக வைத்துத் தூக்கிப் பார்த்தார். நல்ல மிளகு கனக்கும், சொத்தை கனக்காது. அவர் கைக்குத் தெரிந்த அளவு அது ஒன்றுதான்.

"தடிச்சதக் குடுங்க."

"அது இங்கிலீஷ்ல."

"மக படிச்சவ."

லயத்து வரிசை வீட்டின் வாசற்படியில் உட்கார்ந்து, வயிற்றின்மேல் புத்தகத்தை நிறுத்தி வாசித்தாள் மகள்.

"காபரேட்டரக் கழட்டணுமாம்ப்பா."

கழற்றினார். திருகாணிகளைக் காத்தாயி அரிசி கழுவும் பேசினில் போட்டார். சின்ன ஸ்பிரிங் ஒன்று தெறித்துத் தேயிலைச் செடிக்குள் போய்விட்டது.

"இப்ப எப்பிடி மாட்டுறதாம்?"

பக்கத்தைப் புரட்டினாள். திரும்பவும் புரட்டினாள்.

"கழட்டுனத அப்பிடியே பின்னாலேருந்து செய்யணுமாம்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் போட்டிருக்கு."

"இத்தன தடிச்ச பொஸ்தகத்துலயா?"

மாட்டினார். ஏற்றத்தில் மட்டும் நின்ற கார் இப்போது நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. பிளக் வயர்களைச் சோதிக்கச் சொன்னது புத்தகம். எல்லாவற்றையும் பிடுங்கிச் சோதித்தார். எது எங்கே இருந்தது என்று படம் பார்த்து மாட்டினார். படத்திலிருந்த எஞ்சின் முகத்தை எதிர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு நின்றதை அவர் கவனிக்கவில்லை. சாவியைத் திருப்பியதும் வெடித்த வெடியில் லயமே வெளியே ஓடி வந்தது. பக்கத்து வீட்டுக் கோழி வெளியே போனது போனதுதான்.

"சோத்துல பெட்ரோல் நாறுது" என்றாள் காத்தாயி. "இன்னும் என்னத்தக் கழட்டப் போறீங்க?"

"எஞ்சின் மூடிய."

"அதுக்குள்ள என்னா இருக்கு?"

"தொறந்தாத்தான் தெரியும்."

பேசின் நிறைந்தது. தண்ணீர்க் குடமும் நிறைந்தது. புத்தகம் இன்னும் பாதிகூட முடியவில்லை.

மறுநாள் காலை கிருஷாந்தினி ஒரு வரியைப் பாதியில் நிறுத்தினாள்.

"அப்புறம் என்னா போட்டிருக்கு?" என்றார் அவர், தலையை நிமிர்த்தாமல்.

"பனிக்கொடம் ஒடைஞ்சிருச்சுப்பா."

காத்தாயி லொறிக்கு ஆள் அனுப்பப் போனாள்.

"லொறி வேணாம்!" என்று கத்தினார் நடராஜா. கத்திவிட்டுத் தன் கைகளைப் பார்த்தார். முழங்கை வரை கறுப்பு எண்ணெய். மகளைப் பிடித்துத் தூக்கிவிடக்கூட உதவாத கைகள்.

"பிரதீஷுக்குப் போனப் போடு" என்றார், மெதுவாக.

வேன் வந்த வேகம் எல்லோருக்கும் அதிசயமாக இருந்தது. பிரதீஷ் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கிருஷாந்தினி கால் நீட்ட இடம் வேண்டுமென்று, சீட்டுக்கு முன்னால் கிடந்த இழுவைக் கயிற்றை மட்டும் ஓரமாகத் தள்ளினான். பேசினையும் குடத்தையும் ஒரு பார்வை பார்த்தான்.

"அது அப்பிடியே கெடக்கட்டும்ணே. ஒன்னையும் தொடாதீங்க."

வேன் ஏற்றத்தில் நிற்கவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில், வெள்ளை விரிப்பின்மேல், பேத்தி பிறந்தாள். வராந்தாவில் நடராஜா பிரதீஷின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதார்.

"ஒங்களத் தப்பா நெனச்சிட்டேன் தம்பி."

"அத விடுங்கண்ணே. போற வழியில காரையும் நானே இழுத்துக்கிட்டுப் போயிடுறேன்."

மகளும் குழந்தையும் வீட்டுக்கு வந்த பிறகு, நடராஜா புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு மாத்தளைக்குப் போனார்.

"காசு வேணாம் நானா. இத வேற யாருக்காவது குடுங்க. எனக்குப் பொஸ்தகம் ஒதவல்ல, மனுசன்தான் ஒதவுனாரு. யட்டவத்தயில பிரதீஷுன்னு ஒரு தம்பி. அவரு இல்லேன்னா எம் புள்ளயும் லொறியிலதான் பெத்திருப்பா."

முத்தலிப் நானா அட்டையிலிருந்த எண்ணெயைத் துணியால் துடைத்தார். புத்தகத்தைப் பழைய இடத்திலேயே, முகம் தெரியும்படி நிறுத்தினார்.

"அந்தத் தம்பி விக்கக் கொண்டாந்து வச்ச பொஸ்தகம்தானே இது. 'பொஸ்தகம் வித்துப் போச்சே நானா, காரு இன்னும் கராஜுக்கு வரல்லியே'ன்னு போன் எடுத்துக் கேட்டுக்கிட்டே இருந்தாரு."