நாலடிக் கடல்

ஒரு காட்டில் சிங்கம் கிடையாது. அதனால் மிருகங்கள் பொழுது போகாமல் ஒரு சங்கம் ஆரம்பித்தன. வலசை வந்த நாரை ஒன்று, தன் சீமையில் ஆயிரம் வருசத்துக் கோபுரம் சாய்ந்துகொண்டிருப்பதாகச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டது. அவ்வளவுதான், காடே உருகிவிட்டது. நரி நல்லசிவம் எழுந்து, 'கடல்கடந்த பழங்கட்டடத் தொண்டர் சங்கம்' என்று பெயர் வைத்து, தானே செயலாளருமாகி, உட்கார்வதற்குள் விதிமுறைகளையும் எழுதி முடித்துவிட்டது.

பெருச்சாளி மரகதத்துக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. நாலு குட்டிகளோடு அவள் குடியிருந்தது காட்டோரத்துப் பாழ்மண்டபத்தில். அதன் மூலைத்தூண் ஒவ்வொரு மழைக்கும் ஒரு விரற்கடை சாய்ந்துகொண்டு வந்தது. விழுந்தால் கல்கூரை குட்டிகள் தலையில்தான். முதல் ஆளாகப் போய்ப் படிவத்தை நீட்டினாள்.

நரி வாங்கிப் பார்த்தது. "இடையில் உள்ள கடல்னு ஒரு கட்டம் இருக்கே, காலியா விட்டுட்டீங்களேக்கா?"

"கடல் ஏது தம்பி? அந்தா தெரியுது பாரு மண்டபம்."

"அதான் சிக்கல். விதி நாலு, கடல் கடந்த கட்டடம் மட்டும். ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தா தன் பிள்ளை தானா வளரும்க்கா. அந்தக் கோபுரம் நிமிரட்டும், உங்க தூண் தானா நிமிரும்."

"அதுவரைக்கும் என் பிள்ளைங்க நசுங்கிக்கிட்டே வளருமா?" என்று கேட்டுவிட்டு வந்தாள். வழியெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. தூணை நிமிர்த்தப் பெருச்சாளியால் ஆகுமா? அவள் பரம்பரைக்கே 'கட்டடத்துக்குக் குழி பறிக்கிற கூட்டம்' என்றுதான் பேர். சரி, அதையே செய்வோம் என்று மண்டபத்தைச் சுற்றி, அஸ்திவாரத்துக்குப் பழுதில்லாமல் இருபதடி தள்ளி, ஒரு வாரம் பள்ளம் தோண்டினாள். கடைசியாகப் பக்கத்து ஏரிக்கரையில் ஒரு வளை போட்டாள். தண்ணீர் குபுகுபுவென்று வந்து மண்டபத்தை வளைத்துக்கொண்டது.

சொட்டச் சொட்ட நீந்திப் போய்ப் புதுப் படிவம் நீட்டினாள். கடல் கட்டத்தில் 'உண்டு, நாலடி' என்றிருந்தது.

"நாலடியில கடலாக்கா?"

"எத்தனை அடி இருக்கணும்னு உன் விதியில எங்க தம்பி போட்டிருக்கு?"

நரி புரட்டிப் புரட்டிப் பார்த்தது. போடவில்லை. சங்கம் வைத்து ஒரு மாசமாகியும் ஒருத்தரும் வெளிநாடு போகவில்லையே என்று உறுப்பினர்கள் வேறு நரியை அரித்துக்கொண்டிருந்தன.

மறுநாளே காடு திரண்டது. மாலை, பெட்டி படுக்கை, வழியனுப்ப ஒரு கூட்டம். குரங்கு அழுதேவிட்டது. தொண்டர்கள் ஒரே தாண்டாகத் தாண்டி, "வெளிநாட்டுக் காத்தே தனிதான்" என்று மூச்சை இழுத்து விட்டன. யானை முட்டுக் கொடுக்க, சாயங்காலத்துக்குள் தூண் நிமிர்ந்துவிட்டது. மரகதம் குட்டிகளைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

அடுத்த நாள் கிழங்கு தோண்டக் காட்டுக்குள் வந்தவளை நரி மறித்தது.

"விசா இருக்காக்கா?"

"நான் இந்தக் காட்டுக்காரிதானே தம்பி?"

"அது போன வாரம். இப்ப நீங்க வெளிநாடு."

மரகதம் மீசையை நீவிவிட்டுக்கொண்டாள்.

"வெளிநாட்டு விருந்தாளி வந்து நிக்கிறேன், மாலை எங்கே?"

நரி மாலை வாங்க ஓடியது.

நீதி: உள்ளூரில் மரியாதை வேண்டுமானால் ஊரைவிட்டுப் போக வேண்டாம், வீட்டைச் சுற்றி ஒரு பள்ளம் வெட்டிக்கொண்டால் போதும்.