பித்தளையா, பித்தலாட்டமா?

மைத்துனரை வீட்டைவிட்டு வெளியேற்றுவது என்று முடிவு செய்தேன். சண்டை போட்டல்ல; இயற்பியல் பாடத்தைக் கொண்டு.

மைத்துனர் என்றால் ஆள் அல்ல, அவருடைய தலை. மனைவியின் அண்ணன் தன் ஐம்பதாவது பிறந்தநாளுக்குத் தன் தலையையே பித்தளையில் வார்த்து எங்களுக்கு அனுப்பியிருந்தார். அது கூடத்தில், என் நாற்காலிக்கு நேர் எதிரே உட்கார்ந்து, நான் காபி குடிப்பதை முறைத்துக்கொண்டே இருக்கும்.

நான் ஒன்பதாம் வகுப்புக்கு இயற்பியல் எடுப்பவன். திடப்பொருளின் அடர்த்தி நடத்திக்கொண்டிருந்தபோது பொறி தட்டியது. நேராக வீட்டுக்கு வந்தேன்.

"இது பித்தளை இல்ல, பித்தலாட்டம்!" என்றேன் மனைவியிடம். அவள் பல் டாக்டர். எதையும் வாயைத் திறக்கவைத்துப் பார்த்தால்தான் நம்புவாள்.

"எப்படிச் சொல்றீங்க?"

"அடர்த்தியைப் பாத்தா தெரிஞ்சுடும்."

"அண்ணனுக்கு முடி அடர்த்திதான். உங்களுக்குத்தான்..."

"அந்த அடர்த்தி இல்லம்மா! எடையைக் கன அளவால வகுக்கணும். பித்தளைன்னா எட்டரைகிட்ட வரும்."

"மூக்கும் காதுமா இருக்கற தலைக்குக் கன அளவு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

"நிறைஞ்ச வாளில முக்கணும். வழியற தண்ணி எவ்வளவோ, அதுதான்."

அவள் கண்கள் விரிந்தன. "அட! பாக்கலாமே. பித்தளை இல்லேன்னா இன்னிக்கே வெளிய போட்டுடறேன். பித்தளைன்னா நீங்க அப்புறம் வாயே திறக்கக் கூடாது."

"சம்மதம்!"

தலையை அணைத்துக்கொண்டு எடை மெஷினில் ஏறினேன். பிறகு தனியாக ஏறினேன். கழித்தால் ஆறு கிலோ முந்நூறு. மைத்துனரின் தலைக்கனத்தைக் கிராம் சுத்தமாக அளந்தவன் உலகத்தில் நான் ஒருவன்தான்.

தொட்டிக்குள் வாளி, வாளி நிறையத் தண்ணீர். மைத்துனரைப் பிடித்து மெதுவாக முக்கினேன். அப்படியொரு சுகம் கல்யாணத்துக்குப் பிறகு அனுபவித்ததில்லை. வழிந்த தண்ணீரை அவளே அளந்தாள். இரண்டு லிட்டர் நூறு மில்லி.

"மூணு! வெறும் மூணு!" என்று துள்ளினேன். "உங்கண்ணன் குடுத்தது சொத்து இல்ல, சொத்தை!"

சொத்தை என்று காதில் விழுந்ததும் அவளுக்குத் தொழில் புத்தி வந்துவிட்டது. விரலால் தட்டினாள். டொங்கென்றது. கவிழ்த்தாள். கழுத்துக்கு அடியில் ஒரு திருகு மூடி.

"உள்ள காலியா இருக்கே. காத்தையும் பித்தளைன்னு கணக்குல சேர்த்துட்டீங்களா?"

அங்கேயே நான் பேச்சை முடித்திருக்கலாம். ஆனால் எனக்கே தெரிந்துகொள்ள ஆசை வந்துவிட்டது. மூடியைத் திறந்து, தலைக்குள் விளிம்புவரை தண்ணீர் ஊற்றி அளந்தோம். ஒரு லிட்டர் முந்நூற்றைம்பது மில்லி. அதைக் கழித்தால் உலோகத்தின் பங்கு வெறும் எழுநூற்றைம்பது. மூச்சைப் பிடித்துக்கொண்டு வகுத்தேன்.

"எட்டு புள்ளி நாலு! பித்தளையேதான்!" வகுப்பறை நினைப்பில் கையும் தட்டினேன்.

தட்டிய கை பாதியில் நின்றது.

"ஏம்மா, மூடி இருக்கறது உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"வாராவாரம் அதைத் துடைக்கறது யாரு?" என்றபடி அவள் போனை எடுத்தாள்.

"அண்ணா, அவரே சோதிச்சுப் பாத்துட்டார். சுத்தமான பித்தளையாம், கை தட்டறார்! இனிமே தயங்காதே, அண்ணி தலையையும் அனுப்பிடு."