முருகேசண்ணனின் வெள்ளைச் சட்டை

ஒரு வேலையைச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், அதை ஒழுங்காகச் செய்யப்போவதாகச் சொல்லியே செய்யாமல் இருப்பவர்களும் இருக்கிறார்கள். நான் இரண்டாவது ரகம். முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன்.

ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் நான். நாலைந்து வருஷத்துக்கு முன்பு, ஊரே செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, எனக்கு மட்டும் கறுப்பு வெள்ளை பிலிமில் எடுத்து நானே பிரிண்ட் போட வேண்டும் என்று கிறுக்குப் பிடித்தது. வீட்டுப் பாத்ரூம் இருட்டறையானது. ஞாயிற்றுக்கிழமை பகல் முழுக்க ஜன்னலில் கம்பளி தொங்கும். (அன்று லேட்டாக எழுந்தவர்கள் திங்கட்கிழமைதான் குளிக்கலாம்.)

முதல் படம் முருகேசண்ணனுடையது. எஸ்டேட்டில் காப்பி காயவைக்கும் களம் அவர் பொறுப்பு. மகள் கல்யாணத்துக்கு எடுத்த வெள்ளைச் சட்டையில் வந்து, சில்வர் ஓக் மரத்தடியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். "சட்டை வெள்ளையாத் தெரியோணுங்க" என்று மட்டும் சொன்னார்.

தெரியவில்லை. நான் வாங்கியிருந்த தாள் ஒரு தினுசு. விளக்குக்கு முன்னால் வைக்கும் ஃபில்டரை மாற்றினால், அதே தாளில் கறுப்பு வெள்ளை எடுப்பாகவும் வரும், மங்கலாகவும் வரும். எந்த ஃபில்டருக்கு எத்தனை விநாடி வெளிச்சம் என்று நாமே சோதித்துக் கண்டுபிடிக்க வேண்டும். நான் தாளைத் துண்டு துண்டாக வெட்டிச் சோதித்தேன். இரண்டாம் நம்பர் ஃபில்டரில் சட்டை சாம்பல் நிறம். மூன்று, நான்கு என்று ஏறினேன். மரம் கரியாகியது, சட்டை சாம்பலாகவே இருந்தது. கடையில் வாங்கிய தாளைத் திட்டினேன். மலைக்குளிரில் படம் கழுவும் மருந்து வேலை செய்யவில்லை என்று வெந்நீர் வைத்தேன். நோட்டுப் போட்டு விநாடிகளை அட்டவணையாக எழுதினேன். அந்த நோட்டைப் பார்த்தால் ராக்கெட் விடுகிறவன் என்று நினைப்பீர்கள்.

நாலு மாசம் இப்படியே போயிற்று. களத்தில் பார்க்கும்போதெல்லாம் முருகேசண்ணன் கேட்பார். கடைசியாகக் கேட்டது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

"ஏனுங்க ரைட்டரே, சுமாரா இருந்தாலும் குடுங்களே. பாத்துக்கறனுங்க."

சுமாரானதைக் கொடுப்பவனா நான்? "அடுத்த ஞாயித்துக்கெழம கட்டாயமுங்கண்ணா" என்றேன்.

வியாழக்கிழமை அவருக்கு மார்வலி. சேலத்துக்குக் கொண்டுபோனார்கள். அடிவாரம் போய்ச் சேருவதற்குள்ளேயே போய்விட்டார்.

கருமாதிக்காவது படத்தைக் கொடுத்துவிட வேண்டும் என்று அன்று காலையில் பாத்ரூமுக்குள் போனேன். பத்து நிமிஷத்தில் என் மனைவி வளர்மதி கதவைத் தட்டினாள். நல்ல காரியத்துக்கோ கெட்ட காரியத்துக்கோ, சாமி அறை இருட்டாக இருக்கக் கூடாதாம். தாளைப் பாழாக்காத சிவப்பு வெளிச்சத்துக்காக நான் ஒவ்வொரு தடவையும் கழற்றிக்கொண்டு வந்து மாட்டியது, சாமி படத்துக்கு மேல் எரிந்துகொண்டிருந்த சிவப்பு ஜீரோ வாட்ஸ் பல்பைத்தான். கழற்றிக் கொடுத்தேன். அவள் அதைத் திருப்பிப் பார்த்தாள்.

"ஏனுங்க, இதுல பெயிண்ட் உரிஞ்சு கெடக்குதுங்களே."

சுவர்ப்பக்கம், மிளகு அளவுக்கு ஒரு ஓட்டை. நாலு மாசமாக அதன் வழியே கசிந்த வெள்ளை வெளிச்சம்தான் ஒவ்வொரு தாளையும் சாம்பலாக்கியிருக்கிறது. சிவப்பு விளக்கே இல்லாமல் கும்மிருட்டில் ஒரு தாள் போட்டேன். இரண்டாம் நம்பர் ஃபில்டர், நோட்டின் முதல் பக்கத்தில் முதல் வரியில் எழுதிய அதே விநாடி. சட்டை பளிச்சென்று வந்தது. பாத்ரூம் தரையில் உட்கார்ந்து அழுதேன்.

ஈரம் காய்வதற்குள் கொண்டுபோனேன். அவர் மனைவி சரசக்கா இரண்டு கையாலும் வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

"சட்டை நொம்ப வெள்ளையா இருக்குதுங்க" என்றார். "அவருதான் பாக்கலீங்க."

இன்றும் எங்கள் வீட்டில் யாராவது ஒரு வேலையைத் தள்ளிப்போட்டால், "முதல்ல பல்பைக் கழட்டிப் பாரு" என்பார்கள். விருந்தாளிகள் வந்தால் வளர்மதி முழுக்கதையும் சொல்லுவாள், வெந்நீர் வரைக்கும். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

சாம்பல் சட்டைப் படங்கள் முப்பத்தேழு இன்னும் என் பீரோவில் இருக்கின்றன. எல்லாவற்றிலும் முருகேசண்ணன் முகம் நன்றாகவே தெரிகிறது. எதைக் கொடுத்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பார்.