தூதா டீச்சரின் கல்கூடை

மிதெல்த்,
வெள்ளிக்கிழமை, மதியத் தொழுகைக்குப் பின்.

மரியாதைக்குரிய அத்தான் ஹம்மாதி அவர்களுக்கு, உங்கள் மைத்துனன் மீமூன் எழுதுவது. இறைவனின் சாந்தி உங்கள் மேலும், என் அக்கா மேலும், பிள்ளைகள் மேலும், குறிப்பாக உங்கள் வலது முழங்கால் மேலும் இறங்கட்டும். இங்கே நாங்கள் எல்லோரும் நலம். அயாஷி மலையில் பனி விழுந்துவிட்டது. ஆப்பிள் இந்த வருஷம் நல்ல விளைச்சல், இரண்டு பெட்டி அனுப்பியிருக்கிறேன், அடியில் இருப்பவற்றை முதலில் சாப்பிடவும். என் மனைவி ரக்கீயா உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். மகள் திஹியாவும் சலாம் சொல்லியிருப்பாள், அவளுக்கு இப்போதெல்லாம் அப்பாவிடம் பேச நேரம் இருந்தால்.

விஷயத்துக்கு வருகிறேன். எர்ராஷிதியா கல்வி அலுவலகத்தில் ஆசிரியர்களின் மாற்றல் உத்தரவு எதுவும் உங்கள் மேசையைத் தொடாமல் போவதில்லை என்பது எனக்குத் தெரியும். இத்தனை வருஷத்தில் நான் உங்களிடம் ஒரு உதவியும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். எங்கள் பள்ளிக்குப் புதிதாக வந்திருக்கும் தூதா என்கிற அறிவியல் டீச்சரை எங்காவது மாற்றிவிடுங்கள். நல்ல இடமாகவே பாருங்கள், எனக்கு அந்தப் பெண் மேல் விரோதம் ஒன்றும் இல்லை. கடற்கரை ஊராக இருக்கட்டும். கல்லே இல்லாத, மணல் மட்டும் இருக்கிற ஊர்.

இதை நான் பொறாமையில் எழுதுகிறேன் என்று அக்கா சொல்வாள். பொறாமை இல்லை. நடந்ததைச் சொல்கிறேன், நீங்களே நியாயம் சொல்லுங்கள்.

இருபத்திரண்டு வருஷமாக இந்தப் பள்ளியில் பூமியின் தனிமங்களையும் கனிமங்களையும் நான்தான் நடத்துகிறேன். என் முறை எளிமையானது. கரும்பலகையில் அட்டவணை போடுவேன், பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள், பிறகு எல்லோரும் சேர்ந்து ஒப்பிப்பார்கள். ஆக்சிஜன், சிலிகான், அலுமினியம், இரும்பு, கால்சியம் என்று அவர்கள் ராகமாகச் சொல்லும்போது தெருவில் போகிறவர்கள்கூட நின்று கேட்பார்கள். என்னிடம் படித்து இன்று பேக்கரி நடத்துகிறவன் மாவு பிசைந்துகொண்டே அதைப் பாடுகிறான், நானே கேட்டேன். இப்படி ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த இடத்துக்கு இந்த செப்டம்பரில் தூதா வந்தாள். அவளுக்கு பி பிரிவு, எனக்கு ஏ பிரிவு, நடுவில் ஒரு சுவர். ஆசிரியரின் பிள்ளை அவர் வகுப்பிலேயே இருக்கக்கூடாது என்பது விதி, ஆகவே என் மகள் சுவருக்கு அந்தப் பக்கம்.

முதல் நாள் அந்தப் பெண் கையில் சாக்பீஸ் இல்லாமல், சந்தைக்குப் போகிறவள் மாதிரி ஒரு கூடையைத் தூக்கிக்கொண்டு வகுப்புக்குள் போனாள். அதில் என்ன இருந்தது என்று நினைக்கிறீர்கள்? பெண்கள் தலை தேய்க்கும் கஸ்ஸூல் களிமண், கண்மை அரைக்கிற பளபளப்புக் கல், ஒரு கட்டி உப்பு, துருப்பிடித்த ஆணி, உடைந்த பென்சில், அப்புறம் ஒரு வெள்ளைக் கல். கொஞ்ச நேரத்தில் சுவருக்கு அப்பால் "ஹா!" என்று ஒரு சத்தம். அந்த வெள்ளைக் கல் பாரைட்டாம், பார்க்க சாதாரணமாக இருக்கும், தூக்கினால் கை இறங்கும். ஒவ்வொரு பிள்ளையாகத் தூக்குகிறது, ஒவ்வொன்றும் "ஹா!" என்கிறது. என் பிள்ளைகள் அலுமினியத்தில் நின்றுவிட்டார்கள். அடுத்தது இரும்பு என்று எடுத்துக்கொடுத்தேன். எல்லோரும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் பார்த்தேன், வேறென்ன செய்ய?

அன்று இரவுச் சாப்பாட்டில் திஹியா சூப்பில் உப்பைப் போட்டுவிட்டு என்னையே பார்த்தாள்.

"அப்பா, இந்த உப்புல சோடியம் இருக்கு, தெரியுமா? அதைத் தனியா தண்ணியில போட்டா பத்திக்கும். குளோரினைத் தனியா மோந்து பாத்தா ஆளே காலி. ரெண்டும் கை கோத்துக்கிச்சுன்னா நம்ம சூப்புக்கு ருசி. எங்க தோண்டி எடுத்தாலும் அதே ரெண்டு பேரு, அதே கணக்கு. அதான் கனிமம்."

"ஏம்மா, இதை நான் உனக்கு லீவுலயே சொல்லிக் குடுத்தேனே?"

"சொல்லலப்பா. எழுதிக் காட்டினீங்க."

ரக்கீயா சிரித்தாள், அத்தான். வாயில் ரொட்டியை வைத்துக்கொண்டு சிரித்தாள். அன்று ஆரம்பித்த வயிற்றெரிச்சல் எனக்கு இன்னும் போகவில்லை. டாக்டர் ஒரு மாத்திரை கொடுத்தார். திஹியா அட்டையைத் திருப்பிப் படித்துவிட்டு, "அலுமினியம், மக்னீசியம்! அப்பா, நீங்களும் பூமியைத்தான் சாப்பிடுறீங்க. நாளைக்கு டீச்சர்கிட்ட காட்டணும், அட்டையைத் தூக்கிப் போட்றாதீங்க" என்றாள். என் வியாதிகூட தூதாவின் கூடைக்குப் போய்விட்டது.

அதற்கப்புறம் எங்கே போனாலும் தூதாதான். இடைவேளையில் என் வகுப்புப் பிள்ளைகள் அவள் ஜன்னலில் தொங்குகிறார்கள். என் பிரிவிலிருந்து பி பிரிவுக்கு மாற்றித் தரும்படி இரண்டு தாய்மார்கள் மனு கொடுத்தார்கள், அதில் ஒருத்தி என்னிடமே படித்தவள். ரக்கீயா தலை தேய்த்துக் குளித்துவிட்டு வந்து, "இந்த மண்ணுல மக்னீசியம் இருக்காமே, தூதா சொன்னா" என்கிறாள். நான் கட்டிய மனைவி, நான் வாங்கிக் கொடுத்த மண்.

ஒரு மனிதன் எவ்வளவுதான் பொறுப்பான்? நானும் கல் காட்டுவது என்று முடிவு செய்தேன். தூதாவுடையதைப் போலச் சமையலறைச் சாமான் அல்ல, பார்த்தவன் மூச்சுவிட மறக்கிற மாதிரி ஒன்று. மலைப்பாதை வளைவில் நின்று கல் விற்கிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களில் ஒருவன் என் காரை நிறுத்தி இரண்டு பாதியாகப் பிளந்த ஒரு கல்லைத் திறந்து காட்டினான். உள்ளே முழுக்க நீலம். அப்படியொரு நீலத்தை நான் வானத்திலும் பார்த்ததில்லை. "கோபால்ட், உஸ்தாத்! உங்களை மாதிரி படிச்சவங்களுக்குத்தான் இதோட அருமை தெரியும்" என்றான். அந்த இரண்டாவது வாக்கியத்துக்காகத்தான் வாங்கினேன்.

மறுநாள், எல்லோரையும் 'ஸி' போட்டு மரியாதையாகவே கூப்பிடும் எங்கள் தலைமையாசிரியர் ஸி பென்னாஸரை வகுப்புக்கு அழைத்தேன். அடுத்த வகுப்புக்கும் தெரியட்டும் என்று கதவை அகலத் திறந்து வைத்தேன். துணியை விலக்கியதும் என் பிள்ளைகளும் சொன்னார்கள், "ஹா!" அத்தான், அந்த ஒரு சத்தத்துக்காக நான் போட்டிருந்த கோட்டையே கழற்றி விற்றிருப்பேன். முன்வரிசை ஹஸ்னா, "சார், தூசியா இருக்கு, கழுவிட்டு வரட்டுமா?" என்றாள். பெருந்தன்மையாகச் சரி என்றேன். தாழ்வாரக் குழாயிலிருந்து அவள் போட்ட சத்தம் பள்ளி முழுக்கக் கேட்டது.

"சார்! கோபால்ட் கரையுது சார்!"

ஓடிப்போய் கல்லைப் பிடுங்கினேன். தொட்டி நீலம், ஹஸ்னாவின் கை நீலம், கல் மட்டும் பழைய சாம்பல் நிறத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. வியர்த்துக் கொட்டியது, அந்தக் கையாலேயே முகத்தைத் துடைத்துவிட்டேன். ஸி பென்னாஸர் என் பக்கத்தில் வந்து, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து, "ஸி மீமூன், உங்க நெத்தியில இருக்கிறது எந்தத் தனிமம்?" என்று கேட்டார். இரண்டு வகுப்பும் வெடித்துச் சிரித்தது. என் மகள் சிரித்தாளா என்று பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அப்போது தூதா வந்தாள். நீலத் தண்ணீரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிள்ளைகள் பக்கம் திரும்பி, "சிரிச்சது போதும். கனிமத்தைக் கண்டுபிடிக்க முதல் பாடம் என்ன? நிறத்தை நம்பாதே. நான் ஒரு வாரமா வாயால சொல்றேன், ஒருத்தருக்கும் ஏறல. சாரைப் பாருங்க, போலிக் கல்லைத் தேடிப்பிடிச்சு வாங்கிட்டு வந்து உங்க கண்ணு முன்னாடியே கழுவிக் காட்டிட்டாரு. இனி மறப்பீங்களா?" என்றாள். பிள்ளைகள் கைதட்டினார்கள். தலைமையாசிரியர்கூட, "ஓ, வேணும்னுதான் செஞ்சீங்களா?" என்று என் தோளைத் தட்டினார். நானும் தலையை ஆட்டினேன். அவள் என்னைக் கேலி செய்திருந்தால் ஆயுசுக்கும் வெறுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். காப்பாற்றிவிட்டாள். அதை எப்படி மன்னிப்பது?

அந்தக் கடனை அன்றே தீர்க்க வேண்டும் என்கிற வேகத்தில்தான் அமிலச் சோதனை நடந்தது. சுண்ணாம்புச் சத்துள்ள கல்லில் நீர்த்த அமிலம் ஒரு சொட்டு விட்டால் நுரைக்கும் என்பது உங்களுக்கும் நினைவிருக்கும். மாலையில் நல்ல கல் தேடினேன். தலைமையாசிரியர் அறையில் ஒரு மேசை உண்டு, பழங்காலக் கடல்பிராணிகள் பதிந்த கறுப்புக் கல்லை இழைத்துச் செய்தது, அவருடைய மாமனார் எர்ஃபூதிலிருந்து லாரியில் கொண்டுவந்து இறக்கியது. அவர் அதில் தேநீர்க் கோப்பையைக்கூட வைக்க மாட்டார். "இது அசல் கல்லுதானான்னு ஒரு நொடியில நிரூபிக்கட்டுமா?" என்று கேட்டேன். நீலக்கல்லுக்குப் பிறகு என்னை நம்பியது அவர் தப்பு. ஜன்னலில் பிள்ளைகள் கூட்டம். சொட்டு விட்டேன். ஷ்ஷ்ஷ் என்று நுரைத்தது பாருங்கள், என்ன அழகு! கைதட்டல் கேட்டதும் இன்னும் நாலு இடத்தில் விட்டேன். துடைத்துப் பார்த்தால் பளபளப்பு போய், கடல்பிராணியின் நடுமுதுகில் வெள்ளை வெள்ளையாகச் சொட்டை.

ஸி பென்னாஸர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம். மெதுவாக உட்கார்ந்தார்.

"ஸி மீமூன், நாளையிலேர்ந்து ரெண்டு பிரிவும் சேந்து தூதா டீச்சர்கிட்ட கல்லுப் பாடம் படிக்கட்டும். நீங்களும் கூட இருங்க."

"கூட இருந்து என்ன செய்யணும்?"

"கூட்டத்தைப் பாத்துக்குங்க."

ஆக, நேற்று அவள் எல்லோரையும் மிப்லாதென் பழைய சுரங்க மேட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனபோது, நான் பஸ் வாசலில் நின்று தலை எண்ணினேன். என் மகள் அவள் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து போனாள். அங்கே இறங்கியதும் தூதா, "கையை வாயில வைக்காதீங்க, இங்கத்திய கல்லுல ஈயம் இருக்கு, போகும்போது எல்லாரும் சோப்புப் போட்டுக் கழுவணும்" என்று சொல்லிவிட்டு, என்னிடம், "சார், நீங்க அந்த மேட்டு மறைவுல உக்காருங்க, காத்து படாது" என்றாள். கிழவனுக்குச் சொல்வதைப் போல. போய் உட்கார்ந்தேன். உட்கார்ந்த இடத்தில் ஏதோ சுருக்கென்று குத்தியது. எரிச்சலோடு பிடுங்கித் தூக்கி எறியப் போனேன்.

வெயில் அதன் மேல் பட்டது, அத்தான். வெள்ளைக் கல்லின் மேல் சிவப்புச் சிவப்பாக, அரிசி மணி அளவில், ஒவ்வொன்றும் ஆறு பக்கம். தச்சன் அளவெடுத்து அறுத்த மாதிரி. இருபத்திரண்டு வருஷமாகக் கரும்பலகையில் வனேடியம், குறி வி, எண் இருபத்துமூன்று என்று எழுதியிருக்கிறேன். அது இருக்கிற இந்தச் சிவப்புக் கல் இந்த ஊரிலிருந்து உலகமெல்லாம் போகிறது என்று எல்லோருக்கும் தெரியும். நான் கையில் வைத்துப் பார்த்ததே இல்லை.

"அப்பா! என்னது அது?" என்று திஹியா ஓடிவந்தாள். பின்னாலேயே இரண்டு பிரிவும். தூதா தன் லென்ஸை என் கையில் வைத்து, "சார், நீங்களே சொல்லுங்க" என்றாள்.

"வனடினைட்" என்றேன். "ஈயம், வனேடியம், ஆக்சிஜன், குளோரின். நாலு பேரு."

"யார் சார் இவ்வளவு கரெக்டா வெட்டினது?" என்று ஒரு பையன் கேட்டான்.

"யாரும் வெட்டலடா. உள்ள இருக்கிற அணுக்கள் வரிசையா ஒக்காந்து ஒக்காந்து, வளரும்போதே அப்படித்தான் வளருது..."

அதற்கப்புறம் என்ன பேசினேன் என்று நினைவில்லை. நிறையப் பேசினேன் போலிருக்கிறது, பஸ்காரன் ஹாரன் அடித்தான். திரும்பும்போது திஹியா என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். கல்லை அவள் மடியில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

இதனால் என் மனம் மாறிவிட்டது என்று நினைக்க வேண்டாம். ராத்திரி படுக்கையில்தான் எனக்குப் பொறி தட்டியது. என்னை அந்த இடத்தில் உட்காரச் சொன்னது யார்? அவள்தானே? கல்லை அவளே அங்கே வைத்திருந்தால் அது மன்னிக்கவே முடியாத கருணை. வைக்கவில்லை என்றால் அதைவிட மோசம், புகார் சொல்லக்கூட எனக்கு ஒன்றும் மிச்சமில்லை. ஆகவே அத்தான், மாற்றல் மாற்றல்தான். சீக்கிரம் செய்யுங்கள்.

உங்கள் முழங்காலுக்கு ஆலிவ் எண்ணெய் சூடாக்கித் தடவுங்கள். அக்காவின் கைகளுக்கு என் முத்தம். உங்கள் வீட்டு வாசலில் நல்ல செய்தி மட்டுமே செருப்பைக் கழற்றட்டும்.

அன்பும் பணிவும் உள்ள மைத்துனன்,
மீமூன்

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தையும் ஆப்பிளையும் கொண்டுவந்து கொடுப்பது தூதாதான். அடுத்த கல் பயணத்துக்கு உங்கள் அலுவலக அனுமதி வாங்க திங்கட்கிழமை எர்ராஷிதியா வருகிறாள், நம்பிக் கொடுத்தனுப்ப அவளைவிட எனக்கு வேறு ஆளில்லை. பிரித்துப் படிக்கிறவள் அல்ல. அவளைச் சாப்பிடாமல் அனுப்பாதீர்கள். மேலே எழுதியதை அடுப்பில் போட்டுவிட்டு அனுமதியில் கையெழுத்திடுங்கள். அதில் உடன் போகும் ஆசிரியர்கள் என்று இரண்டு பெயர் இருக்கும், அவள் பெயர் மேலே, என் பெயர் கீழே. மாற்றல் வேண்டியது அங்கே மட்டும்தான்.