பூட்ஸ் கேட்டு லீவு வாங்கியவன்

எனக்கு எழுத வரும் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிபவன் எவனையும் நான் நம்புவதில்லை. நானே அப்படித் திரிந்தவன்.

எட்டாவதோடு படிப்பு முடிந்தது. திருப்பூரில் பனியன் மடித்தேன், லாரியில் கிளீனராகப் போனேன், ஆந்திராவில் செங்கல் சுமந்தேன். எங்கேயும் பேனா பிடிக்கவில்லை. கடைசியில் நெய்வேலிச் சுரங்கத்தில், நிலக்கரி ஓடும் பெல்ட்டுக்குக் கீழே சிந்துவதை வாரும் காண்ட்ராக்ட் வேலை. டீக்கடையில் பேப்பரைச் சத்தமாகப் படிப்பேன். அது போதும், எங்கள் பதினொரு பேருக்கும் நான்தான் எழுத்தாளன்.

ஒரு மழைக்காலத்தில் எல்லார் பூட்ஸும் வாயைப் பிளந்தன. என் மனைவியின் அண்ணன் ஏழுமலையும் எங்களோடுதான் வேலை செய்தார். அவர் காலைத் தகரம் கிழித்துச் சீழ் வைத்துவிட்டது. ஆபீசருக்கு மனு கொடுப்பது என்று முடிவானது.

“நீ எழுது மாப்ள. உனுக்கு இன்னா, அஞ்சு நிமிசம்,” என்றார் ஏழுமலை.

“மூணே நிமிசம்,” என்றேன். (திமிர்.)

ஷிப்ட் பஸ் கிளம்பப்போகிறது. சுற்றிப் பத்துப் பேர். ‘பூட்ஸ் கிழிந்துவிட்டது’ வரை ஒழுங்காக வந்தேன். பிறகு, பல வருஷம் சும்மா கிடந்த கை, தனக்குத் தெரிந்த ஒரே கடிதத்தை, பள்ளிக்கூட லீவு லெட்டரை, எழுதி முடித்தது: ‘ஆகவே இரண்டு நாள் விடுப்பு அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.’ திருப்பிப் படிக்கவில்லை. என்னை நம்பி எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள்.

ஆபீசர் படித்தார். ஏழுமலையின் காலைப் பார்த்தார். சிரித்தார். “கேட்டதைக் குடுத்துடுங்க,” என்று சூப்பர்வைசரிடம் நீட்டினார். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை. இரண்டு நாள் பதினொரு பேருக்கும் கேட் பாஸ் இல்லை, கூலி இல்லை, பூட்ஸும் இல்லை. சூப்பர்வைசர் மனுவைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டான்.

“அவ்ளோ நேரம் குனிஞ்சிக்கினு இன்னாத்ததான் எழுதின?” என்றார் ஏழுமலை.

அந்த ஆத்திரத்தில் ஒரு நோட்டு வாங்கினேன். ஷிப்ட் முடிந்ததும் தினம் ஒரு பக்கம். முதல் மாதம் எதை எழுதினாலும் கடைசி வரியில், லீவு லெட்டர் மாதிரியே, எனக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. மூன்றாவது நோட்டில்தான் கை என் பேச்சைக் கேட்டது. அடுத்த மனுவில் எந்த இடத்தில், எந்தத் தகரம், யார் காலைக் கிழித்தது என்று எழுதினேன். பூட்ஸ் வந்தது. ஆபீசர் சிரிக்கவில்லை.

போன மாதம் ஏழுமலையின் மகளுக்குக் கல்யாணப் பதிவு. சாட்சிக் கையெழுத்துப் போடும் முன் காகிதத்தை என்னிடம் நீட்டினார்.

“மாப்ள, இதுல லீவு எதனா கேட்டுக்கீதா பாரு.”

மணப்பெண் உட்பட எல்லாரும் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டுக்குப் போய் முதலில் அன்றைய பக்கத்தை எழுதினேன். பிறகுதான் அவரோடு சண்டைக்குப் போனேன்.