மீன்கொத்திக்கு எந்த ஊர்?

"அந்தரத்துல நிக்குதுங்க," என்றாள் மனைவி ரோஸி.

சத்தியராஜுக்குச் சுருக்கென்றது. பதினெட்டு நாள் உட்கார்ந்து வரைந்த மீன்கொத்தி அது. நீல இறக்கை, காப்பிப்பொடி நிறத் தலை, சிவந்த அலகு எல்லாம் கலர் பென்சிலில் அப்படியே வந்திருந்தன. சுற்றிலும் வெறும் வெள்ளைக் காகிதம்.

"வேணும்னுதான் விட்டிருக்கேன். பாக்கறவங்க கண்ணு பறவை மேலதான் இருக்கணும்."

"கண்ணு இருக்கும். அதோட காலு எதுமேல இருக்கும்?"

பட்டாபிராமில் அவர்கள் குடியிருந்த ஃபிளாட்டில் லிஃப்ட் பக்கச் சுவர் காலியாகக் கிடந்தது. அங்கே இந்தப் படத்தை மாட்டலாம் என்று குடியிருப்போர் சங்கச் செயலாளர் அழகேசன் சொல்லியிருந்தார். எதற்கும் இருக்கட்டும் என்று, ஓடும் ஏழு குதிரைகள் படம் ஒன்றையும் அவர் வாங்கி வைத்திருந்தார். தன் படம் ஒன்று தன் வீட்டு ஹாலைத் தாண்டி ஒரு சுவரில் தொங்க வேண்டும். ஐம்பது வயதில் சத்தியராஜுக்கு இருந்த ஒரே ஆசை அது.

அப்படிப்பட்ட மனிதர் சும்மா இருந்திருக்கலாம். படத்தை ஃபோட்டோ எடுத்து ஃபிளாட் வாட்ஸ்அப் குழுவில் போட்டு, 'பின்னணி வேண்டுமா?' என்று கேட்டுவிட்டார்.

நாகர்கோவில்காரர் ஜாபஸ் நேரில் வந்தே விட்டார். "மீன்கொத்திக்கு மீன் வேண்டாமா? பின்னால எங்க ஊர்க் கடலைப் போடும்."

நியாயம்தானே என்று சத்தியராஜ் பென்சிலில் நாலு அலை போட்டார்.

மறுநாள் தஞ்சாவூர் சிவராமன் வந்தார். "கடல்ல ஏதுங்க இது? எங்க வயல் வரப்புலல்ல உக்காந்திருக்கும்!"

அலைக்குக் கீழே நாற்று முளைத்தது.

"எங்க குன்னூரை மட்டும் விட்டுட்டீங்களே சார்," என்றார் எதிர்வீட்டு எவாஞ்சலின் டீச்சர். அவர் முகம் வாடக் கூடாதே என்று ஒரு தேயிலை மலையும் எழும்பியது.

ரோஸி எட்டிப் பார்த்தாள். "டீ எஸ்டேட்ல அலை அடிக்குதுங்க. இனிமே டீயே உப்புக் கரிக்கும்."

பயந்துபோனவர் ரப்பரை எடுத்து மூன்று ஊரையும் அழித்தார். புதுப் படத்தைக் குழுவில் போட்டார். நிலைமை இன்னும் மோசமாகப் போனது. 'கடலை அழிக்க யாரு சொன்னது?' என்று ஜாபஸ் கேட்டார். சிவராமன் லிஃப்டில் முகம் கொடுத்துப் பேசவில்லை. டீச்சர் குழுவை விட்டே வெளியேறினார்.

"வேலியில போன ஓணானை எடுத்து வேட்டியில விட்டுக்கிட்டீங்க," என்றாள் ரோஸி.

சனிக்கிழமை கூட்டத்தில் அழகேசன் தீர்ப்புச் சொன்னார். "எல்லாருக்கும் பொதுவான இடமா ஒண்ணு பின்னாடி வரைங்க சார். எங்க ஊர் இல்லைன்னு ஒருத்தர் வாய் திறக்கக் கூடாது. நாளைக்குப் பத்து மணிக்குள்ள வரலைன்னா குதிரைதான்."

ஞாயிறு காலை ஒன்பதே முக்கால். லிஃப்ட் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, படத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் சத்தியராஜ். பொதுவான இடம் என்று யோசித்தால் சென்ட்ரல் ஸ்டேஷன்தான் ஞாபகம் வந்தது. அங்கே மீன்கொத்தி எந்தப் பிளாட்பாரத்தில் உட்காரும்? அழுகையே வந்துவிடும் போலிருந்தது. அழகேசன் வேறு சுத்தியலும் குதிரையுமாக வந்து, ஆணியடிக்கச் சுவரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தரை துடைத்துக்கொண்டிருந்த நாகம்மா மாப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு எட்டிப் பார்த்தாள்.

"ஐய, நம்ம குருவி! யாரு சார் வரைஞ்சது?"

"நான்தாம்மா. ஃபோன்ல தேடிப் பாத்து வரைஞ்சேன்."

"இன்னா சார் நீ, அத்தப் போயி ஃபோன்ல தேடிகினு கீற? நீங்கல்லாம் குடி வர்றதுக்கு மின்னாடியே அது இங்க வந்துட்ச்சி. டெய்லி காலீல மொட்ட மாடில, உன் டிஷ் ஆன்டனா மேலதான் குந்திகினு கீது!"