றிவேஸ் அண்ணையும் நேரத்துக்கு வந்த பஸ்ஸும்

ஐரோப்பாக் கண்டத்தில் முதுகுப்பக்கமாக நடந்து பிழைக்கிற தமிழர் ஒரே ஒருவர்தான் இருக்கிறார், அவர் எங்கள் பக்கத்து ஆள். அப்பா அம்மா வைத்த பெயர் பாஸ்போட்டில் இருக்கிறது. மனைவி ‘இஞ்சாருங்கோ’ என்று கூப்பிடுவார். மற்ற எல்லோருக்கும் அவர் றிவேஸ் அண்ணை, காரைப் பின்னுக்கு எடுக்கிற அதே றிவேஸ்.

ஜேர்மனியில், ஊன்ட்றொப் அம்மன் கோயிலிலிருந்து கொஞ்சத் தூரத்தில் சோஸ்ற் என்று ஒரு பழைய நகரம் இருக்கிறது. பச்சைக் கல்லில் கட்டிய தேவாலயங்கள், ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து நிற்கிற மரச்சட்ட வீடுகள், ஊரைச் சுற்றி மதில். தேர்த்திருவிழாவுக்கு வெளிநாடுகளிலிருந்து வருகிற சனத்தை மறுநாள் அங்கே கூட்டிப்போய் நடத்திக் காட்டுவது அண்ணையின் பைத்தியம். பாண் சுடுகிற தொழிற்சாலையில் வேலை செய்த காலத்திலேயே அது பிடித்துவிட்டது. முதல் தடவை அவரும் எல்லோரையும் போல முன்னே பார்த்துத்தான் நடந்தார். ஒரு கோபுரத்தின் பெருமையை மூச்சுவிடாமல் சொல்லி முடித்துத் திரும்பினால், பின்னால் ஒரு குருவி இல்லை. முழுக் கூட்டமும் சந்தை மூலையில் மலிவு விற்பனை போட்டிருந்த சப்பாத்துக் கடைக்குள் நின்றது. அன்றிலிருந்து அவர் எந்தக் கூட்டத்துக்கும் முதுகு காட்டியதில்லை. முகம் எங்களைப் பார்த்தபடி இருக்கும், கால்கள் பின்னால் போய்க்கொண்டிருக்கும். பழக்கம் முற்றிப்போய், கடையில் மனைவியோடு சாமான் வாங்கும்போதும் தள்ளுவண்டியை இழுத்துக்கொண்டு பின்பக்கமாகத்தான் போவார் என்று சொல்கிறார்கள். நான் பார்க்கவில்லை, ஆனால் நம்புகிறேன்.

தமிழில் அவர் காட்டுகிற சோஸ்ற்றுக்கும் உண்மையான சோஸ்ற்றுக்கும் தூரத்து உறவுதான். நகரத்தின் நடுவே ஒரு குளம் உண்டு. அதன் கரையில், அந்தக் காலத்தில் குற்றவாளிகளைத் தண்ணீருக்குள் விழுத்திய பலகை ஒன்று நிற்கிறது. அதைக் காட்டி அண்ணை சொல்வார்: “பிந்தி வாற ஆக்களை இதில ஏத்தித்தான் தள்ளினவை.” பிந்தி வந்த சனம் விழுந்து விழுந்து சிரிக்கும்.

பிறகு அண்ணையின் தோள் போய்விட்டது. இனிப் பாரம் தூக்கக் கூடாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். அந்த நேரம் பார்த்து, ஊரைச் சுற்றிக் காட்ட ஆள் தேவை என்று ஒரு சுற்றுலா அலுவலகம் அறிவித்தது. இந்த வேலை கிடைத்தால் அண்ணைக்குப் பிழைப்பு, கழுத்தில் ஒரு வழிகாட்டி அட்டை. கிடைக்காவிட்டால், வேலை தேடிக் கொடுக்கிற ஜொப்சென்டர் பார்த்து வைத்திருக்கிற களஞ்சியத்தில் பெட்டி அடுக்கவேண்டும், அதைத் தோள் தாங்காது. ஒரு சோதனை நடை நடந்து காட்டவேண்டும், மூன்று தடவைதான் வாய்ப்பு.

முதல் தடவை, சோதிக்க வந்த பிராவ் பிரிங்மன் என்ற அம்மா, “இந்தக் கோபுரம் எப்போது கட்டப்பட்டது?” என்று பேனையைத் திறந்துகொண்டு கேட்டார். அண்ணை தன் பிறந்த திகதியைச் சொன்னார். அதோடு விட்டாரா? பிறந்த இடம் சாவகச்சேரி என்றார், தகப்பன் பெயரையும் எழுத்துக் கூட்டினார். இரண்டாந் தடவை பேச்சே வரவில்லை. கோட்டுப் பையிலிருந்து பாஸ்போட்டை எடுத்து நீட்டினார்.

இதை அவர் சொல்லிக் கேட்டபோது நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

“தங்கச்சி, ஷோனெஃபெல்ட் எயாப்போட்டில வந்து இறங்கி, இஞ்சால வந்து அகதி விசாரணைக்கு இருந்த நாளில, மேசைக்கு அங்கால ஒருத்தன் இப்பிடித்தான் பேனையோட இருந்தவன். எந்த வரியம், எந்த மாதம், எந்தத் திகதி எண்டு திருப்பித் திருப்பிக் கேட்டவன். ஒரு திகதியை மாறிச் சொல்லிப்போட்டன். அந்த ஒரு திகதிக்கு எத்தினை வரியம் அலைஞ்சனான் தெரியுமே? அதுக்குப் பிறகு பேனையோட நிக்கிற வெள்ளைக்காரரைக் கண்டா எனக்கு நாக்கு ஒட்டிப்போகும்.”

எனக்கும் அன்றைக்குச் சிரிப்பு நின்றுபோனது. மூன்றாவது தடவை பார்வையாளர்களில் ஒருத்தியாகக் கூட வருகிறேன் என்று அதனால்தான் ஒப்புக்கொண்டேன்.

அந்தச் சோதனை தேருக்கு மறுநாள் காலை ஒன்பது மணிக்கு. இங்கேதான் அண்ணை ஒரு வேலை பார்த்து வைத்திருந்தார். தான் ஏற்கெனவே சித்தியடைந்து வேலையும் கிடைத்துவிட்டதாகக் கோயிலில் அன்னதான வரிசை முழுக்கச் சொல்லியிருந்தார். அது லொசானில் இருக்கிற மச்சானின் காதுக்கும் போய்விட்டது. மனைவியின் தமையன், சுவிஸ் ரயிலில் வேலை. ‘பின்னால நடக்கிறதும் ஒரு வேலையோ’ என்று கலியாண வீடுகளில் கேட்டுக் கேட்டே அண்ணையை வாட்டுகிற மனிதர். அவர் இந்த முறை ஒரு பஸ் நிறையச் சனத்தோடு திருவிழாவுக்கு வந்திருந்தார். அடுத்த நாள் அண்ணையின் உத்தியோகத்தைப் பார்க்கவேண்டுமாம். அண்ணை மாட்டேன் என்றா சொல்வார்? பதினொரு மணிக்கு வைத்துக்கொள்ளலாம் என்று மனதுக்குள் தீர்மானித்து, வாயால் ஒன்பது மணி என்று சொன்னார். எங்கள் சனத்துக்கு நேரம் சொல்கிற முறை அதுதான். பதினொன்றுக்கு ஆள் வேண்டுமென்றால் ஒன்பது என்று சொல்லவேண்டும். பத்தரைக்குச் சோதனை முடியும், பதினொன்றுக்குப் பஸ் வரும். பிசகவே பிசகாத கணக்கு.

காலையில் சந்தைச் சதுக்கத்தில் நின்றோம். நான், சில ஜேர்மன்காரர், பிராவ் பிரிங்மன். அந்த அம்மா ஆறடி உயரம், கையில் புள்ளி போடுகிற அட்டை, அட்டையின் மேல் பேனை. ஒன்பது அடித்தது. அண்ணை கண்ணாடியைச் சரிசெய்து, ஜேர்மனில் காலை வணக்கம் சொல்லி, வாயைத் திறந்தார். கண் பேனையில் விழுந்தது. வாய் திறந்தபடியே நின்றது. நெற்றியில் வேர்வை. வலது கை மெதுவாகக் கோட்டுப் பைப் பக்கம் போனது. பாஸ்போட் வெளியே வந்தால் எல்லாம் முடிந்தது.

அப்போது ஒரு பெரிய வெள்ளைப் பஸ் வந்து சதுக்கத்தின் ஓரத்தில் நின்றது. கதவு திறந்தது. சேலைகளும் வேட்டிகளும் வடைப் பெட்டிகளும் இறங்கின. முன்னால் மணிக்கூட்டைப் பார்த்தபடி மச்சான்.

“ஒம்பது எண்டு சொன்னனீர். ஒம்பதுக்கு வந்து நிக்கிறம்.”

அண்ணை என் பக்கம் சாய்ந்து முணுமுணுத்தார். “தங்கச்சி, தமிழாக்கள் ஒம்பது எண்டா ஒம்பதுக்கு வருவினமே? இதென்ன அநியாயம்.”

“இப்ப என்ன செய்யப் போறியள் அண்ணை?”

“சோதினை எண்டு மட்டும் சொல்லிப்போடாதையும். பேனையோட நிக்கிறவ பத்திரிகைக்காரி எண்டு சொல்லும்.”

“அவ ஜேர்மனில கதைக்கிறது அவைக்கு விளங்கிப்போடாதே?”

“அவை லொசான். அங்க பிரெஞ்சுதான்.”

பிராவ் பிரிங்மன் பஸ்ஸையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார். “இவர்களும் உங்கள் விருந்தினர்கள் என்றால் வரட்டும். ஆனால் நேரம் ஓடுகிறது. இது மூன்றாவதும் கடைசியுமான தடவை என்பதை மறக்காதீர்கள்.” நல்ல காலம், ஜேர்மனில் சொன்னார்.

பிறகு அண்ணை செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. சுழன்று திரும்பினார். சோதிக்க வந்த அம்மாவுக்கு முழு முதுகையும் காட்டி, லொசான் சனத்தின் முகங்களைப் பார்த்துக்கொண்டு, ஜேர்மனில் பேசத் தொடங்கினார். தடங்கல் இல்லாமல் வந்தது. நகரசபைக் கட்டடம், சந்தை, பச்சைக் கல் எங்கிருந்து வந்தது என்ற கதை, எல்லாம் வந்தது. எதிரே பேனை இல்லை, வடைப் பெட்டிதான் இருந்தது. மச்சான் முன்வரிசையில் நின்று பலமாகத் தலையாட்டினார். திரும்பித் தன் சனத்தைப் பார்த்து, “எல்லாரும் தலையை ஆட்டுங்கோ” என்று அதட்டினார். இந்த மனிதனுக்கு எங்கே போனாலும் அதிகாரம்தான் என்று எனக்கு எரிச்சல் வந்தது.

பிராவ் பிரிங்மன் எதையோ எழுதி அதன் கீழே இரண்டு கோடு இழுத்தார். எட்டிப் பார்த்தேன். ‘முதுகைக் காட்டிப் பேசுகிறார்’.

நடக்கத் தொடங்கியபோது நிலைமை இன்னும் மோசமானது. அண்ணை பின்னுக்குப் போவார், லொசான் சனம் அவர் முகத்தைப் பார்த்தபடி வரும். அப்படியானால் சோதிக்கிறவர் எங்கே போவது? அவருடைய முதுகுக்கு முன்னால்தான். வழி காட்டவேண்டியவருக்கு அந்த அம்மாதான் வழி விலக்கிக்கொண்டு போனார். ஒவ்வொரு மூலையிலும் அண்ணை தோளுக்கு மேலால், “தயவுசெய்து இடது பக்கம்” என்று குரல் கொடுத்தார். ஒரு சைக்கிள் உரசிப் போனது. பால் வண்டி ஒன்று கோன் அடித்து வழி கேட்டது. ஜேர்மனில் ஒரு வசனம், தமிழில் இரண்டு, உடனே கூட்டம் சிரிக்கும். ஒவ்வொரு சிரிப்புக்கும் அந்த அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“தமிழில் என்ன சொல்கிறார்?”

“அதையேதான் சொல்கிறார்.”

“நீளமாக இருக்கிறதே?”

“தமிழ் கொஞ்சம் நீளம்தான்.”

நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

குளத்துக்கு வந்தோம். ஜேர்மன்காரர் பலகையைப் பார்க்க ஒரு பக்கம் ஒதுங்கினார்கள், அந்த அம்மாவும் ஒதுங்கினார். அண்ணைக்குப் பின்னால் இப்போது தண்ணீர் மட்டும்தான். அவர் கதையின் உச்சத்தில் இருந்தார், கைகள் இரண்டும் மேலே. கால் பின்னுக்குப் போனது. இன்னொரு கால் போனது. லொசான் சனம் ஒன்றும் சொல்லவில்லை. பாதிப் பேர் அவரைக் கைத்தொலைபேசிக்குள்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மீதிப் பேர், றிவேஸ் அண்ணைக்குத் தெரியாததா என்று நின்றார்கள். நான் கத்த வாயெடுப்பதற்குள், குதிக்கால் கரைக் கல்லைத் தாண்டியது. உடம்பு சாய்ந்தது.

பிராவ் பிரிங்மன் பாய்ந்தார். அட்டையையும் பேனையையும் அப்படியே விட்டுவிட்டு, இரண்டு கையாலும் அண்ணையின் இடுப்புப் பட்டியைப் பிடித்து இழுத்தார். அண்ணை கரைக்கு வந்தார். அட்டை குளத்துக்குப் போனது. தின்னத்தான் ஏதோ விழுந்ததாக்கும் என்று வாத்துகள் வந்து அதைக் கொத்திப் பார்த்தன. பேனை தாழ்ந்துவிட்டது.

அண்ணை மெதுவாகத் திரும்பினார். அந்த அம்மாவை அன்றைக்கு முதல் முறையாக நேருக்கு நேர் பார்த்தார். தலைமயிர் கலைந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, வெறுங்கையோடு நின்றார் அந்த அம்மா.

“எழுத இனி ஒன்றும் இல்லை,” என்றார் அவர். “சும்மா சொல்லுங்கள். இந்தக் குளத்தில் என்ன நடந்தது?”

அண்ணை அந்தக் கைகளைப் பார்த்தார். பிறகு சொன்னார், ஜேர்மனில், அவர் முகத்தைப் பார்த்து. “சின்னக் குற்றம் செய்த ஆளை இந்தப் பலகையில் ஏற்றித் தண்ணீருக்குள் விழுத்துவார்கள். ஊரே கூடி நின்று சிரிக்கும். இன்றைக்கு அதை நானே செய்து காட்டப் பார்த்தேன்.” ஜேர்மன்காரர் சிரித்துவிட்டார்கள். அந்த அம்மா சிரிக்கவில்லை, ஆனால் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

மிஞ்சியது பச்சைக் கல் தேவாலயம். அங்கே ஒரு கண்ணாடி யன்னலில் யேசு கடைசியாக உண்ட விருந்து இருக்கிறது. மேசையில் பன்றித் தலையும் பியர்ச் சாடியும் கறுப்புப் பாணும். “வரைந்தவர் இந்த ஊர்க்காரர்,” என்றார் அண்ணை. “கடவுளுக்கும் தன் வீட்டில் சமைத்ததைத்தான் வைப்பார். நாங்களும் அப்படித்தான்.” பிராவ் பிரிங்மன் தலையசைத்தார். பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டார். “இந்தத் தேவாலயத்தை எப்போது கட்டத் தொடங்கினார்கள்?”

சாவகச்சேரி என்று சொல்லிவிடுவாரோ என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். லொசான் சனம்கூட வடைப் பெட்டியைத் திறக்கவில்லை.

“பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில்,” என்றார் அண்ணை.

வாசலுக்கு வந்ததும் பிராவ் பிரிங்மன் கை நீட்டினார். “முதுகு காட்டியதற்குப் புள்ளி குறையும். ஆனாலும் சித்தி. வாழ்த்துகள்.” அண்ணை அந்தக் கையைப் பிடித்தார், விடவே இல்லை. அந்த அம்மா இன்னொரு தடவை சொன்ன பிறகுதான் விட்டார்.

“என்னவாம் அவ?” என்று மச்சான் கேட்டார்.

“நல்லாயிருந்ததாம்.” அண்ணையின் குரல் உடைந்திருந்தது. “பத்திரிகையில போடப்போறாவாம்.”

“அப்பிடியோ,” என்றார் மச்சான். “பின்ன, எங்கட ஆளெல்லோ.”

பஸ் புறப்படுகிற நேரம் மச்சான் என்னைத் தனியே கூப்பிட்டார். “தங்கச்சி, நான் றெயிலில ஜேர்மனிலயும்தான் அறிவிக்கிறனான். மூண்டாந் தரம், கடைசித் தரம் எண்டு அந்த மனிசி சொன்னது கேட்டது. நான் எண்டா முதல் தரத்தோட விட்டிட்டுப் போயிருப்பன். எனக்கு விளங்கினதெண்டு அவருக்குச் சொல்லிப்போடாதைங்கோ, பாவம், வெக்கப்படுவார்.” நான் அவரைத் திட்டி வைத்திருந்த வார்த்தைகளை எல்லாம் வயிற்றுக்குள் விழுங்கிக்கொண்டு, “ஓம் மச்சான்” என்றேன். எனக்கு அவர் மச்சான் முறையே இல்லை.

றிவேஸ் அண்ணைக்கு நான் இதுவரை சொல்லவில்லை. இதை வாசித்துத் தெரிந்துகொண்டால் தெரிந்துகொள்ளட்டும், இவ்வளவு நாளைக்குப் பிறகு வெட்கம் தாங்கும். வழிகாட்டி அட்டை இப்போது அவர் கழுத்தில் தொங்குகிறது. ஜேர்மன்காரரையும் இப்போது பின்பக்கமாகத்தான் நடத்துகிறார், அவர்களும் விரும்பித்தான் வருகிறார்கள். அவருடைய முழங்கால்தான் முன்னைப்போல் இல்லை. அதனால் எனக்கு லீவு கிடைக்கிற சனிக்கிழமைகளில் சோஸ்ற்றுக்குப் போய், சீட்டு வாங்கிக்கொண்டு, கூட்டத்தோடு சேராமல் அவருடைய முதுகுக்கு முன்னால் நடக்கிறேன். ஏன் அங்கே நடக்கிறீர் என்று அவர் கேட்டார். கூட்டத்துக்குள் எனக்கு மூச்சு முட்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அவர் விழுந்தால் எனக்குத் தாங்காது.